திருச்சியிலிருந்து பலாலிக்கு: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் 184 கிலோமீட்டர். சுழல்விசிறியால் பறக்கும் ஏடிஆர் 72 விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பி, மறுகரையில் சக்கரம் தரையைத் தொட ஏறக்குறைய 35 நிமிடம் ஆகும். பயணச்சீட்டில் காட்டும் நேரமோ ஏறக்குறைய ஒரு மணி. இணையத்தில் உள்ள தூரக் கணிப்பான்களில் இதே இரண்டு ஊர்களைப் போட்டால் சில 14 நிமிடம் என்கின்றன, சில 44 நிமிடம் என்கின்றன. 184 கிலோமீட்டரை ஜெட் விமானத்தின் 800 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 14 நிமிடம் வரும். அதோடு கண்ணை மூடிக்கொண்டு அரை மணியைக் கூட்டினால் 44. இரண்டுமே இந்தப் பாதைக்குப் பொருந்தாது, ஏனென்றால் பலாலிக்குப் போவது ஜெட் அல்ல.

சிறிய விமான நிலையங்களுக்கு இடையே நேரத்தைத் தீர்மானிப்பதில் தூரத்தின் பங்கு பலர் நினைப்பதைவிடக் குறைவு. என்ன விமானம், ஓடுபாதை எந்தத் திசையில் கிடக்கிறது, அன்றைக்குக் காற்று எங்கிருந்து அடிக்கிறது என்பவைதான் பெரிய பங்கு வகிக்கின்றன. ஒரு தாளும் கைபேசிக் கால்குலேட்டரும் இருந்தால் இவை எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் கணக்கிட்டுவிடலாம். திருச்சி–பலாலியை வைத்துச் செய்து பார்ப்போம். முறை பிடிபட்டுவிட்டால் எந்த இரண்டு நிலையங்களுக்கும் பயன்படுத்தலாம்.

முதலில் தூரம்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை கொண்ட ஓர் அதிகாரபூர்வப் புள்ளி உண்டு. பொதுவாக அது ஓடுபாதையின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். நமக்குத் தேவை அந்தப் புள்ளி. ஊரின் புள்ளி அல்ல. பலாலி நிலையம் யாழ்ப்பாணம் நகருக்கு வடக்கே சுமார் 16 கி.மீ. தள்ளி, காங்கேசன்துறைக்கு அருகே இருக்கிறது. வரைபடத்தில் 'யாழ்ப்பாணம்' என்று தட்டி வரும் புள்ளியை எடுத்தால் தொடக்கத்திலேயே கணக்கு பிசகிவிடும்.

திருச்சி: வடக்கு 10 பாகை 45.9 நிமிடம், கிழக்கு 78 பாகை 42.6 நிமிடம்.
பலாலி: வடக்கு 9 பாகை 47.5 நிமிடம், கிழக்கு 80 பாகை 4.2 நிமிடம்.

இங்கே நிமிடம் என்பது நேரமல்ல, ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. இதில் ஒரு வசதி இருக்கிறது. அட்சரேகையில் ஒரு நிமிட வித்தியாசம் என்பது ஒரு கடல் மைல். கடல் மைல் என்ற அளவே அப்படிப் பிறந்ததுதான். ஆகவே வடக்கு–தெற்கு வித்தியாசத்துக்குப் பெருக்கலே தேவையில்லை: 10 பாகை 45.9-இலிருந்து 9 பாகை 47.5-ஐக் கழித்தால் 58.4 நிமிடம், அதாவது 58.4 கடல் மைல்.

கிழக்கு–மேற்கு வித்தியாசம் 81.6 நிமிடம். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கும் என்பதால் இதை அப்படியே எடுக்கக் கூடாது. இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். சராசரி 10.28 பாகை, அதன் கொசைன் 0.984. பெருக்கினால் 80.3 கடல் மைல்.

இனி பள்ளியில் படித்த பைதகரஸ் தேற்றம். 58.4-இன் வர்க்கமும் 80.3-இன் வர்க்கமும் கூட்டினால் சுமார் 9,859. வர்க்கமூலம் 99.3 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; பெருக்கினால் 183.9 கி.மீ.

பூமி உருண்டை, இதில் தட்டையான முக்கோணம் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நம் அட்சரேகைகளில் 500, 600 கி.மீ. வரை இந்த முறையில் வரும் பிழை ஒரு கிலோமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். சென்னை–தூத்துக்குடி இதே முறையில் சுமார் 285 கடல் மைல், 528 கி.மீ. வரும், தாராளமாக நம்பலாம். சென்னை–டெல்லி போன்ற தூரங்களுக்குத்தான் கோள முக்கோணச் சூத்திரம் வேண்டும்.

விடையைச் சரிபார்க்கக் கூகுள் எர்த்தில் அளவுகோல் கருவியை எடுத்து, ஒரு ஓடுபாதையின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்குக் கோடு இழுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் உங்கள் கணக்கில் எங்கோ தவறு இருக்கிறது. அடிக்கடி நேரும் தவறு, நிமிடத்தைத் தசமமாக எடுத்துக்கொள்வது. 9 பாகை 47 நிமிடத்தை 9.47 என்று தட்டிவிடுவார்கள். உண்மையில் அது 9.79. நான்கு எண்களையும் இப்படித் தட்டினால் தூரம் 112 கடல் மைலாகி, 208 கி.மீ. என்று வந்து நிற்கும். 24 கி.மீ. கூடுதல். எண் பார்க்க நியாயமாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. இரண்டாவது தவறு, சாதாரண மைலையும் கடல் மைலையும் குழப்பிக்கொள்வது. வெளிநாட்டுத் தளங்கள் பல 1.609 கி.மீ. மைலில் காட்டும். விமான வேகமோ நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்றுதான் பேசப்படும். கணக்கை முழுக்கக் கடல் மைலிலேயே நடத்தி, கடைசியில் மட்டும் கிலோமீட்டராக மாற்றுவது நல்லது.

திசையையும் குறித்துக்கொள்ளுங்கள்

தூரத்தைக் கண்டுபிடித்த கையோடு திசையையும் எடுத்து வையுங்கள். பின்னால் காற்றுக் கணக்குக்கு இது வேண்டும். கிழக்கே 80.3, தெற்கே 58.4 என்றால் கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாக 36 பாகை சாய்வு. வடக்கைச் சுழியமாக வைத்துக் கடிகாரச் சுற்றில் எண்ணினால் 126 பாகை, ஏறக்குறைய தென்கிழக்கு. திரும்பி வரும்போது 306.

இந்தத் திசைதான் பறக்கும் உயரத்தையும் முடிவு செய்கிறது. 0 முதல் 179 பாகை வரை போகும் விமானங்களுக்கு ஒற்றைப்படை ஆயிரங்களும், 180 முதல் 359 வரை போகிறவற்றுக்கு இரட்டைப்படை ஆயிரங்களும் ஒதுக்குவது பொது விதி. எதிரெதிரே வருபவை ஒரே உயரத்தில் சந்திக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆக, போகும்போது 13,000 அல்லது 15,000 அடி, வரும்போது 14,000 அடி என்று வைத்துக் கணக்கிடலாம்.

பறக்கும் நேரம்

மொத்தத் தூரத்தை அதிகபட்ச வேகத்தால் வகுப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம். ஏடிஆர் 72-600 மணிக்கு 510 கி.மீ. வரை, அதாவது 275 நாட் வரை போகும். ஆனால் இந்தப் பாதையில் அந்த வேகத்தில் பறப்பது ஏழெட்டு நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் ஏறுவதிலும் இறங்குவதிலும் கழிகிறது. ஆகவே பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஏற்றம். ஏடிஆர் சராசரியாக நிமிடத்துக்கு 1,100 அடி ஏறும் என்று கொள்ளலாம். 13,000 அடிக்கு 12 நிமிடம். அந்த நேரத்தில் சராசரி வேகம் 200 நாட் அளவில் இருக்கும், 40 கடல் மைல் கடந்திருக்கும்.

இறக்கம். ஒவ்வோர் ஆயிரம் அடி இறங்கவும் மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. 13,000 அடிக்கு 39 கடல் மைல். சராசரி 230 நாட் என்றால் 10 நிமிடம்.

சமநிலைப் பறப்பு, அதாவது ஏறாமல் இறங்காமல் ஒரே உயரத்தில் போவது. நேர்கோட்டுத் தூரம் 99 என்றாலும் எந்த விமானமும் நேர்கோட்டில் போவதில்லை. புறப்பட்டதும் திரும்புவது, ஓடுபாதைக்கு நேராக வந்து சேர்வது ஆகியவற்றுக்குச் சேர்த்து 10 கடல் மைல் கூட்டுங்கள். 109-இலிருந்து ஏற்றத்துக்கான 40-ஐயும் இறக்கத்துக்கான 39-ஐயும் கழித்தால் 30 மிஞ்சும். 270 நாட்டில் அது 7 நிமிடம்.

கடைசிக் கட்டம். சக்கரத்தை இறக்கி, இறக்கைப் பின்மடிப்புகளை விரித்து, வேகத்தைக் குறைத்து வரும் நேரத்துக்கு 5 நிமிடம்.

12, 10, 7, 5. கூட்டினால் 34 நிமிடம்.

ஜெட் விட்டால் எவ்வளவு மிச்சம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. பொதுவாக 10,000 அடிக்குக் கீழே 250 நாட்டைத் தாண்டக் கூடாது என்பது வான்வழி விதி. 100 கடல் மைல் பயணத்தில் ஜெட்டும் பெரும்பகுதியை அந்த எல்லையை ஒட்டியேதான் கழிக்கும். மேலே போய் வேகம் பிடிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். மிச்சமாவது ஐந்தாறு நிமிடம். எரிபொருள் செலவைப் பார்த்தால் அதற்கு அர்த்தமே இல்லை. இத்தகைய பாதைகளுக்கு ஏடிஆர் மாற்று ஏற்பாடல்ல, சரியான தேர்வே அதுதான்.

பலாலியில் வேறு வழியும் இல்லை. 2019 அக்டோபர் 17 அன்று பன்னாட்டு நிலையமாகத் திறந்தபோது முதல் கட்டமாகப் புதுப்பித்த ஓடுபாதை சுமார் 1,400 மீட்டர். ஏடிஆருக்கு அது போதும், பெரிய ஜெட்டுக்குப் போதாது. திருச்சி ஓடுபாதை 2,400 மீட்டரைத் தாண்டும் என்றாலும் பாதையில் எந்த விமானம் ஓடலாம் என்பதை எப்போதும் குட்டையான ஓடுபாதைதான் தீர்மானிக்கும். தூத்துக்குடி வாகைக்குளத்தில் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்தவரை அங்கும் இதே நிலைதான். எனவே புதிய ஒரு பாதையைக் கணக்கிடும்போது வேகத்தைப் போடுவதற்கு முன் இரண்டு ஓடுபாதைகளின் நீளத்தையும் பார்த்துவிடுங்கள்.

காற்றும் ஓடுபாதையின் திசையும்

திருச்சி ஓடுபாதை கிழக்கு–மேற்காகக் கிடக்கிறது. அதன் இரு முனைகளின் எண்கள் 09, 27. பலாலி ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்கு. எண்கள் 05, 23. எண்ணோடு ஒரு சுழியைச் சேர்த்தால் விமானம் ஓடும் திசை பாகையில் கிடைத்துவிடும். 09 என்றால் 90 பாகை, கிழக்கு நோக்கி. விமானம் பொதுவாக எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று திருச்சியில் பலமாக வீசும். அப்போது 27-இல், மேற்கு நோக்கித்தான் எழும்ப வேண்டும். பலாலி இருப்பதோ தென்கிழக்கே. எழும்பி, பாதி வட்டம் அடித்துத் திரும்புவதற்குள் மூன்று, நான்கு நிமிடம் போய்விடும். ஆனால் திரும்பிய பிறகு அதே காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மேலே மேற்கிலிருந்து 30 நாட் வீசுகிறது என்று வையுங்கள். நம் பாதைக்கும் காற்று போகும் திசைக்கும் இடையே 36 பாகை, அதன் கொசைன் 0.81, ஆகவே 24 நாட் பின்காற்றாக உதவும். ஏற்றம், சமநிலை, இறக்கம் சேர்ந்த 29 நிமிடம் இதனால் 26 ஆகும். எழும்பும்போது விட்டதை வழியில் பிடித்துவிடலாம்.

திரும்பி வரும்போது கதை நேர்மாறு. அதே 24 நாட் எதிர்காற்றாகி 29 நிமிடத்தை 32, 33 ஆக்கும். ஆனால் கிழக்கிலிருந்து வந்து 27-இல் இறங்குவது ஏறக்குறைய நேர்வழி என்பதால் சுற்று மிச்சம். இந்தப் பாதையின் நல்ல அம்சம் இது: ஒரு பக்கம் போவது மறுபக்கம் வந்துவிடுகிறது. போகவும் வரவும் நேரம் பெரிதாக மாறுவதில்லை.

வடகிழக்குப் பருவத்தில் காற்று 45 பாகையிலிருந்து வந்தால் நம் 126 பாகைப் பாதைக்கு ஏறக்குறைய செங்குத்து. பக்கக் காற்று நேரத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. விமானத்தின் மூக்கை லேசாகக் காற்றுப் பக்கம் திருப்பிவைத்துப் பறப்பார்கள், அவ்வளவுதான். பலாலியின் 05 அந்தக் காற்றுக்கு நேரெதிரே அமைந்திருக்கிறது. தென்மேற்குக் காற்றுக்கு 23. இரு பருவங்களுக்கும் பொருந்திய ஓடுபாதை அது.

சென்னை–தூத்துக்குடியில் இந்தச் சமன்பாடு கிடைக்காது. அதன் திசை 206 பாகை, தென்மேற்கை ஒட்டியது. தென்மேற்குக் காற்று ஏறக்குறைய முழுக்க முகத்தில் அடிக்கும், வடகிழக்குக் காற்று பின்னால் தள்ளும். தூரமும் அதிகம் என்பதால் பருவத்துக்குப் பருவம் நேரம் கண்ணுக்குத் தெரியும்படி மாறும். திசையைக் குறித்துவைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

34 நிமிடம் எப்படி ஒரு மணி நேரமானது

கால அட்டவணையில் உள்ள புறப்பாட்டு நேரம் விமானம் எழும்பும் நேரமல்ல. நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்கும் நேரம். வந்துசேரும் நேரமும் அப்படியே, நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது. ஆகவே தரையில் ஊர்ந்து போகும் நேரத்தையும் கூட்ட வேண்டும். திருச்சிக்கு 8 நிமிடம், சிறிய நிலையமான பலாலிக்கு 4 நிமிடம் போடலாம். மொத்தம் 46.

அட்டவணைக்கும் இதற்கும் உள்ள சுமார் 15 நிமிட இடைவெளி நிறுவனம் வைத்துக்கொள்ளும் இருப்பு. காற்று, மழைமேகத்தைச் சுற்றிப்போவது, பாக் நீரிணைக்கு மேலே சென்னை வான்பகுதியிலிருந்து கொழும்பு வான்பகுதிக்குக் கைமாறும் ஒருங்கிணைப்பு எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது என்று பயணிகள் வியப்பது இந்த இருப்பு செலவாகாத நாட்களில்தான்.

சென்னை–பலாலியையும் இதே படிகளில் போட்டுப் பாருங்கள். தூரம் 192 கடல் மைல், திசை தெற்கு, 16,000 அடி, சுற்றுக்கு 12 கடல் மைல். ஏற்றம் 15 நிமிடத்தில் 50 கடல் மைல், இறக்கம் 12 அல்லது 13 நிமிடத்தில் 48, சமநிலையில் 106 கடல் மைலுக்கு 23, 24 நிமிடம், கடைசிக் கட்டம் 5. பறப்பு 56 நிமிடம். சென்னையில் ஊர்தல் நேரம் அதிகம், 15 நிமிடம் போடுங்கள்; பலாலியில் 4. மொத்தம் 75 நிமிடம். தூரம் ஏறக்குறைய இரு மடங்கு, நேரமோ 46-க்கு 75 தான். ஏறி இறங்குவதற்கான செலவு குறுகிய பாதையிலும் அதிகம் குறையாமல் நிற்கிறது. தூரம் கூடினால் பெரும்பாலும் கூடுவது சமநிலைப் பறப்புதான்.

கணக்கை நிஜத்தோடு ஒப்பிட, விமானங்களின் நகர்வைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் விமான எண்ணைத் தட்டினால் கடந்த சில நாட்களின் உண்மையான புறப்பாடும் வருகையும் கிடைக்கும். ஒரு நாளை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். ஐந்தாறு நாள் பார்த்து நடுவில் விழும் எண்ணை எடுங்கள். உங்கள் கணக்குக்கும் அதற்கும் ஐந்து நிமிடத்துக்குள் வித்தியாசம் என்றால் கணக்கு சரி. பத்துக்கு மேல் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது விமான வகை, அடுத்தது சுற்றுக்கான கூடுதல் தூரம்.

நேர மண்டலத்தில் ஒரு எச்சரிக்கை. இலங்கை 2006 ஏப்ரலில் மறுபடி இந்திய நேரத்துக்கே, அதாவது ஐந்தரை மணிக் கணக்குக்கே திரும்பிவிட்டது. ஆகவே வந்துசேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தால் பயண நேரம் நேரடியாகக் கிடைக்கும். அதற்கு முந்தைய அட்டவணைகளையோ பழைய தரவையோ வைத்துக் கணக்கிட்டால் அரை மணியோ ஒரு மணியோ உதைக்கும்.

வீட்டிலிருந்து வீடு வரை

பறப்பு அரை மணிதான் என்று மெத்தனமாக இருந்துவிடக் கூடாது. இது வெளிநாட்டுப் பயணம். கடவுச்சீட்டு, குடிவரவு, சுங்கம் எல்லாம் உண்டு. பன்னாட்டு விமானங்களுக்குப் பயணப்பதிவு முகப்பைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். திருச்சி மத்திய பேருந்து நிலையத்திலிருந்து விமான நிலையம் 5 கி.மீ. அளவில்தான் என்றாலும் இரண்டரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதே சரி. அந்தப் பக்கம் குடிவரவுக்கு முக்கால் மணி, யாழ்ப்பாணம் நகருக்கு 16 கி.மீ. சாலைக்கு அரை மணி. எல்லாம் கூட்டினால் நாலே முக்கால், ஐந்து மணி நேரம். அதில் வானத்தில் இருப்பது 34 நிமிடம்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலோடு ஒப்பிடும்போதும் இப்படி முழுக் கணக்கைத்தான் வைக்க வேண்டும். கடல்வழி சுமார் 60 கடல் மைல், நான்கு மணி நேர அளவில் பயணம். திருச்சியிலிருந்து நாகைக்குப் போகும் சாலை நேரம் தனி. மூட்டை அதிகம் இருப்பவர்களுக்குக் கப்பலில் வசதி கூடுதல். ஏடிஆரில் தலைக்கு மேல் உள்ள அறை சிறியது. ஜெட்டில் ஏற்றும் அளவிலான சக்கரப்பெட்டி அதில் அடங்காமல் போகலாம், அப்போது அதைச் சரக்கறைக்கு வாங்கிக்கொள்வார்கள். மருந்து, ஆவணம், பணம் ஆகியவற்றைத் தனியே ஒரு சிறு பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாமதம் பெரும்பாலும் உங்கள் பாதையில் உருவாவதில்லை. ஒரே ஏடிஆர் ஒரு நாளில் பல ஊர்களைத் தொட்டு வருகிறது. காலையில் எங்கோ நாற்பது நிமிடம் பிந்தினால் மதியம் திருச்சியிலும் அது தெரியும். அன்றைய விமானத்தின் பதிவெண்ணைப் பார்த்து, அது இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்று தேடினால் நிறுவனத்தின் குறுஞ்செய்தி வருவதற்கு முன்பே நிலைமை விளங்கிவிடும். கார்த்திகை, மார்கழியில் வங்கக் கடலில் தாழ்வழுத்தம் உருவான நாட்களில் இன்னொரு சாத்தியத்துக்கும் இடம் விட வேண்டும்: பலாலியில் இறங்க முடியாமல் விமானம் திருச்சிக்கே திரும்பலாம், அல்லது மாற்று நிலையத்துக்குப் போகலாம். கொழும்புக்கு அருகே உள்ள கட்டுநாயக்க விமான நிலையம் பலாலியிலிருந்து நேர்கோட்டில் 290 கி.மீ.; அங்கே இறக்கிவிட்டால் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியே ஒரு முழுப் பகல் போய்விடும். அந்த மாதங்களில் கல்யாணத்துக்கோ சடங்குக்கோ போகிறவர்கள் முந்திய நாளுக்குச் சீட்டு எடுப்பதே நல்லது.

அட்டவணை ஆண்டுக்கு இரு முறை, மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாறும். திருச்சி–பலாலி சேவையே 2025 மார்ச் 30 அன்று, கோடைக்கால அட்டவணை தொடங்கிய நாளில்தான் ஆரம்பித்தது. ஏப்ரலில் பார்த்துவைத்த நேரத்தை நம்பி நவம்பரில் கிளம்பாதீர்கள். அட்டவணை மாறியதும் புதிய நேரத்தையும் விமான வகையையும் மறுபடி பார்த்துவிட்டு, மாறியிருந்தால் துண்டுக் கணக்கை ஒரு முறை திருப்பிப் போடுங்கள்.